மிஸ்ஸி திருப்பிக் கொடுத்த மரக் கார்கள்

கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து அறுபது மரக் கார்கள் செய்தோம். தளவாடப் பட்டறைகள் நிறைந்த ஜொகூர் பக்கத்து ஊர் எங்களுடையது. ஒரு பட்டறையின் பின்புறம் துண்டு மரங்கள் இடுப்பளவு குவிந்து மழையில் நனைந்து கிடப்பதைப் பார்த்த நண்பன் ஒருவனுக்கு வந்த யோசனை அது. தவுக்கேயிடம் கேட்டோம். ஒரு காசுகூட வாங்காமல் வேண்டியதை அள்ளிக்கொள்ளச் சொன்னார். நாங்கள் எடுத்துப் போனால் அவருக்கு லாரிக் கூலி மிச்சம்!

ஏழு வார இறுதிகள் அறுத்தோம், தேய்த்தோம், துளையிட்டோம். சக்கரங்களுக்கு மட்டும் சிவப்புச் சாயம். ஒருவன் வீட்டில் கேட் கதவுக்குப் பூசியது போக மீந்த டின். தீபாவளிக்கு முந்திய வாரம் நான்கு பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஓர் அரசாங்க மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குப் போனோம். முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் போனால்தானே இன்ப அதிர்ச்சி?

வார்டு மிஸ்ஸி கதவருகிலேயே எங்களை நிறுத்தினார். ஒரு காரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

“அழகா இருக்கு தம்பி. ஆனா உள்ள கொண்டு போக முடியாது.”

பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். இதைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தால் தாங்குமா? சுடுநீரில் கழுவலாமா? இது என்ன சாயம்? மூன்றில் ஒன்றுக்குக்கூட எங்களிடம் பதில் இல்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அதே மின்தூக்கியில் கீழே இறங்கினோம். அன்று இரவு எங்களுக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “நல்லது செய்யப் போனாலும் விடமாட்டேங்கிறாங்க” என்று ஆளாளுக்குப் பேசினோம்.

மிஸ்ஸி சொன்னது சரி. ஏன் சரி என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வேதி சிகிச்சை, வேகமாகப் பெருகும் அணுக்களைக் குறிவைக்கும். புற்றணுக்கள் வேகமாகப் பெருகுபவை. ஆனால் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இரத்த அணுக்களும் அப்படித்தான். அதனால் மருந்து ஏறிய ஒரு வாரம், பத்து நாளில் நோயெதிர்ப்பின் முன்வரிசைக் காவலர்களான நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் மருத்துவர்கள் மிகுந்த கவனம் எடுப்பார்கள். சாதாரணக் காய்ச்சலும் அப்போது அவசர நிலைதான்.

இப்போது எங்கள் காரைப் பாருங்கள். மரம் என்பது நுண்குழாய்களின் கட்டு. வேர் உறிஞ்சிய நீர் மேலே ஏறிய வழி அது. எவ்வளவு தேய்த்தாலும் அந்தத் துளைகள் போகா. எச்சில், பால், கிருமி எல்லாம் உள்ளே இறங்கும். மேலே துடைக்கும் துணிக்கு அவை எட்டா. போதாக்குறைக்கு நாங்கள் எடுத்தது மழையில் நனைந்த துண்டுகள். மண்ணிலும் தூசியிலும் மட்கும் மரத்திலும் வாழும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தையின் நுரையீரலில் அதே பூஞ்சை உயிருக்கே உலை வைக்கும். இத்தகைய வார்டுகளில் பூங்கொத்து, தொட்டிச் செடி, பஞ்சு பொம்மை ஆகியவற்றைத் தவிர்ப்பதும் இதனால்தான். துடைக்கவும் கழுவவும் முடிகிற வழவழப்பான பொம்மைகளே அங்கே பாதுகாப்பு. விதிமுறை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறலாம். ஆனால் கேட்காமல் போய் நின்றது எங்கள் தவறு.

அடுப்பில் எரிந்த மரம்

திரும்பி வந்த பெட்டிகள் என் அறையில் கிடந்தன. விடுமுறைக்கு வீட்டுக்கு ஒரு காரை எடுத்துப் போனேன். நாற்பது வருடம் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி அதைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டார். “இது பால் மரம்டா. இதத்தான நாங்க அடுப்புல வச்சோம்!”

பாட்டி சொன்னது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த ரப்பர் மரத்தின் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் மலாயாவின் மலைச்சாரல்கள் ரப்பர் தோட்டங்களாக மாறின. அந்தத் தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர். ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகள் பால் கொடுக்கும். பிறகு சுரப்பு குறையும். வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம்? லயத்து அடுப்புக்கு விறகு, செங்கல் சூளைக்கு விறகு, ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூடத்துக்கு விறகு. மிச்சத்தை இடத்திலேயே கொளுத்திவிடுவார்கள். மரம் சாமானுக்கு ஆகாது என்பதே பல தலைமுறைகளின் முடிவு.

அந்த முடிவுக்குக் காரணம் இருந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக் கறை பரவும். வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். தேக்கு தன் வைரத்தில் வைத்திருக்கும் தற்காப்பு இதற்கு இல்லை.

மரம் மாறவில்லை; அதைக் கையாளும் முறைதான் மாறியது. வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்துவிட வேண்டும். அறுத்த பலகையை மூடிய உருளைக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போரான் சேர்மக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே செலுத்த வேண்டும். அதன்பின் சூளையில் சீராக உலர்த்த வேண்டும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் நடந்த இந்த ஆய்வுகள் தொழிற்சாலைக்கு இறங்கியபோது, அடுப்பு விறகு ‘மலேசிய ஓக்’ என்ற விற்பனைப் பெயரோடு கப்பல் ஏறியது. இன்று நம் நாட்டு மரத் தளவாட ஏற்றுமதியின் முதுகெலும்பே ரப்பர் மரம். மூவார் நகரம் தளவாடத்துக்குப் பெயர் பெற்றதும் இதை நம்பித்தான். உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்குப் பற்றாக்குறை வந்துவிடக் கூடாது என்று இந்த மரத்தின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்த காலமும் உண்டு. எரித்துத் தீர்த்த ஒரு பொருளுக்கு!

பக்கத்து நாடான தாய்லாந்தின் திராங் மாநிலத்தில் 1981இல் தொடங்கிய பிளான்டாய்ஸ் என்ற நிறுவனம், பால் வற்றிய ரப்பர் மரத்தில் பொம்மை செய்து உலகம் முழுக்க விற்கிறது. பொம்மை அறுக்கும்போது விழும் மரத்தூளையும் அழுத்தி மறுபடி பொம்மையாக்குகிறார்கள். நாங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்!

ஒரு மரத்தை அறுத்தால் பலகையாவது பாதிகூட இல்லை. பட்டையோடு சீவிய ஓரங்கள், துண்டுகள், தூள் எல்லாம் மிச்சம். பட்டறைகள் கொஞ்சத்தைத் தங்கள் உலர்த்தும் சூளைக்கே எரிபொருளாக்குகின்றன. கொஞ்சம் நாராக அரைக்கப்பட்டு, பசை கலந்து அழுத்தப்பட்டு, நம் வீட்டு அலமாரிக்குப் பலகையாகிறது. தூளுக்கு இன்னொரு நல்ல வாடிக்கையாளர் உண்டு: காளான் வளர்ப்பவர். சந்தையில் நாம் வாங்கும் சிப்பிக் காளான் பெரும்பாலும் ரப்பர் மரத்தூளில் வளர்ந்ததுதான். தூள் 100 பங்கு, அரிசித் தவிடு 10 பங்கு, சுண்ணாம்பு 1 பங்கு என்று கலந்து, ஈரமாக்கி, பையில் அடைத்து, ஆவியில் வேக வைத்து, ஆறியதும் காளான் விதையை இடுவார்கள். எந்த மாவுச்சத்து மரத்தைக் கெடுத்ததோ அதுவே இங்கே தீவனம். பள்ளி அறிவியல் மன்றங்கள் செய்து பார்க்க இதைவிட எளிதான, சாப்பிடவும் கூடிய திட்டம் எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே காடு வெட்டும் தொழில் இல்லை. ஆனால் சாலையோர மரங்களைக் கழித்துவிடும் கிளைகள் நாள்தோறும் லாரி லாரியாகச் சேர்கின்றன. அவற்றில் ஒரு பகுதி 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்துக்குப் போகிறது. அங்கே கொதிகலனில் எரிந்து நீராவியாகி மின்சாரம் தருகிறது. வெளியேறும் வெப்பம் கண்ணாடிக் கூடங்களைக் குளிர்விக்கும் இயந்திரங்களை ஓட்டுகிறது. நெருப்பை வைத்துக் குளிரூட்டுகிறார்கள்! சுற்றுப்பயணிகள் படமெடுக்கும் ராட்சத செயற்கை மரங்களில் சில, உண்மையில் அந்த ஆலையின் புகைபோக்கிகள்.

கீழே கிடப்பதெல்லாம் கழிவு என்று அள்ளிவிடவும் கூடாது. காட்டில் விழுந்த இலையும் சுள்ளியும் மண்ணுக்குத் திரும்ப வேண்டிய உரம். முதிர்ந்த செம்பனை மரங்களை எரிக்காமல் சீவித் தோட்டத்திலேயே பரப்பும் முறை நம் நாட்டில் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். பட்டறை முற்றத்தில் கிடப்பது வேறு, காட்டுத் தரையில் கிடப்பது வேறு.

புவானின் கணக்கு

எங்கள் பெட்டிகளுக்கு வருகிறேன். மிஸ்ஸி எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கீழ்த்தளத்தில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, போய்ப் பேசுங்கள் என்று சொல்லியிருந்தார். கோபத்தில் இரண்டு வாரம் போகவில்லை. போனபோது, அங்கிருந்த அதிகாரி புவான் எங்களை உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

அரசாங்க மருத்துவமனையில் நோயாளி கட்டும் கட்டணம் குறைவு. மக்கள் நினைப்பது போல் மருந்துச் செலவு மட்டும் குடும்பத்தைச் சாய்ப்பதில்லை. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் ஒருவகை இரத்தப் புற்றுநோய். அதன் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை நீளும். சிறப்பு மருத்துவர் இருப்பது பெரிய நகரத்தில். குடும்பம் இருப்பதோ நாலு மணி நேரப் பயணத்துக்கு அப்பால். கூட இருக்க அம்மா வேலையை விடுகிறார். அப்பா நாள் கூலிக்காரர் என்றால் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. பேருந்துக் கட்டணம், வழியில் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு. ஆறாம் மாதம் ஒரு தவணை தவறும். அடுத்தது இன்னொன்று. பிள்ளை தெளிவாக ஓடியாடுகிறதே, போதும் என்று தோன்றும். உடம்பில் மிஞ்சிய புற்றணுக்கள் திரும்பி வருவது அதன்பிறகுதான்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: பணக்கார நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குணமாகிறார்கள், ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 விழுக்காடுகூட இல்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது ஆகியவற்றோடு, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் காரணங்களில் ஒன்று. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2018இல் அந்நிறுவனம் ஒரு முயற்சியைத் தொடங்கியிருக்கிறது.

காரை விற்றுவிட்டுப் பணத்தைக் கொண்டு வாருங்கள், அது ஒரு பிள்ளையைத் தவணை தவறாமல் இங்கே கொண்டு வரும் என்றார் புவான். எங்களுக்குச் சற்று ஏமாற்றம்தான். குழந்தை கையில் கார் இருக்கும் படத்தை அல்லவா நாங்கள் மனத்தில் வரைந்து வைத்திருந்தோம். பேருந்துச் சீட்டைப் படம் பிடித்து யார் பார்ப்பார்கள்?

இந்த இடத்தில் பீட்டர் பானை எழுதிய ஜே.எம். பேரியைச் சொல்ல வேண்டும். லண்டனில் 1852இல் பத்துக் கட்டில்களோடு தொடங்கிய கிரேட் ஓர்மண்ட் ஸ்திரீட் குழந்தைகள் மருத்துவமனை, 1929இல் விரிவாக்கத்துக்கு நிலம் வாங்க நிதி திரட்டியது. குழுவில் உட்கார வாருங்கள் என்று அவரை அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார், வேறு வழியில் உதவப் பார்க்கிறேன் என்றார். சில வாரங்களில் பீட்டர் பான் கதையின் உரிமை முழுவதையும் மருத்துவமனைக்கே எழுதிக் கொடுத்தார். புத்தகத்தின் பிரதிகளை வார்டில் கொண்டுபோய் அடுக்கவில்லை. புத்தகம் சம்பாதிப்பதைக் கொடுத்தார். எவ்வளவு வருகிறது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது அவர் விருப்பம். மருத்துவமனை இன்றுவரை அதை மதிக்கிறது. 1987 முடிவில் பிரிட்டனில் காப்புரிமைக் காலம் தீர்ந்தபோது, அந்த வருமானம் அங்கே நிற்காமல் தொடர்ந்து கிடைக்க நாடாளுமன்றம் 1988இல் சட்டமே இயற்றியது.

240 சக்கரங்கள்

விற்பது என்று முடிவானபின்தான் மிஸ்ஸியின் மூன்றாவது கேள்வி உறைத்தது. கேட் சாயம்! அதில் ஈயம் இருக்கிறதா, வேறென்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பவர்கள். இன்னொன்றும் தெரிய வந்தது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கிவிடும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. தொண்டையை அடைத்துவிடும். எங்கள் சக்கரங்களின் விட்டம் சரியாக 30. அறுபது காருக்கும் சக்கரங்களைக் கழற்றி எறிந்தோம். 240 புதிய சக்கரங்களை, 40 மில்லிமீட்டர் விட்டத்தில், சாயமே இல்லாமல் செய்தோம். தீபாவளி போயே போய்விட்டது. பொங்கல் விழாவில், கோயில் மண்டபத்து ஓரம், காருக்கு 15 ரிங்கிட் என்று விற்றோம். ஐம்பத்தொன்று போயின. செலவு போக அறுநூறு ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல். புவான் ரசீது எழுதிக் கொடுத்தார்.

இது போன்ற ஒன்றைச் செய்ய நினைக்கும் மாணவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் கேட்கும்போது முழு மரத் துண்டு எது, நார்ப் பலகை எது என்று பிரித்து வாங்குங்கள். நார்ப் பலகையின் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அறுத்து விளையாட ஏற்றதல்ல. சரக்குப் பலகைகளை உடைத்து எடுப்பதானால் முத்திரையைப் பாருங்கள்: ‘ஹெச்டி’ என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடவேண்டாம். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். நாங்கள் ஏழு வாரம் கவசமின்றித் தேய்த்தோம், புற்றுநோய் வார்டுக்குக் கொடுக்க! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பணம் திரட்டுவதற்கும் முறை உண்டு. பொது இடத்தில் உண்டியல் ஏந்தவும் வீடு வீடாகப் போகவும் அனுமதி வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் இதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளி, கல்லூரி நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு வளாகத்துக்குள் விற்பது மாணவர்களுக்கு எளிது. எந்த நிதிக்குப் போகிறது என்று விற்பனை மேசையில் எழுதி வையுங்கள். ரசீதைப் பிறகு அங்கேயே ஒட்டுங்கள்.

மறு ஆண்டு முதலில் தொலைபேசியில் புவானைக் கூப்பிட்டோம். என்ன வேண்டும் என்று கேட்டோம். ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தார். பெரிய அளவு டயப்பர்கள். வடக்கே ஒரு சிற்றூரிலிருந்து வரும் தாய்க்கும் மகனுக்கும் நான்கு மாதப் பேருந்துக் கட்டணம். முடிந்தால் வார்டு விளையாட்டு அறைக்குத் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் கார்கள், பெட்டி பிரிக்காமல். எழுதிக்கொண்டோம். அந்த ஆண்டு கார்களுக்குப் பதில் கைப்பேசி தாங்கிகள் செய்தோம். சக்கரம் அறுக்கும் வேலை இல்லை, மூன்றே வாரத்தில் முடிந்தது. தூளை இரண்டு மூட்டை கட்டிக் காளான் பண்ணைக்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். பதிலுக்கு அவர் ஒரு பை காளான் கொடுத்தார்.